கோப்பின் வாலை மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியில் எடுத்த வீடியோவை வீட்டு டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க வழி கேட்ட வாசகர் ஒருவருக்கு, கோப்புப் பெயரின் வாலில் உள்ள ‘எம்பி4’ என்பதை ‘எம்பெக்’ என்று மாற்றி, வெற்றுத் தட்டில் நகலெடுத்தால் போதும் என்று தங்கள் கேள்வி பதில் பகுதியில் யோசனை கூறப்பட்டிருந்தது. அதன்படி செய்பவருக்குத் தட்டு வீணாவதோடு, நன்றாக இருக்கும் பிளேயரைப் பழுதானது என்று எண்ணிப் பழுதுபார்க்கக் கொண்டுபோகும் அலைச்சலும் நேரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

டிவிடி பிளேயர் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1996 நவம்பரில், ஜப்பானில். கைப்பேசிகள் பரவலாகப் பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்கமுறை (வீடியோவின் அளவைக் குறைத்துப் பதியும் முறை) 2003-இல்தான் தரநிலையாக வெளிவந்தது. முன்னே வகுக்கப்பட்ட டிவிடி விதிகளில் பின்னே வந்த இந்த முறைக்கு இடமில்லை. இன்றைக்குப் புதிதாக வாங்கும் பிளேயருக்கும் அடிப்படை விதிகள் அவையே. படம் எம்பெக்-2 முறையில் (பழைய எம்பெக்-1 முறையும் செல்லும்) இருக்க வேண்டும். இந்தியத் தொலைக்காட்சிக்குரிய பால் (PAL) முறையானால் 720-க்கு 576 புள்ளிகளும் நொடிக்கு 25 ஃபிரேம்களும் (தனித்தனிப் படங்களும்), அமெரிக்கத் தொலைக்காட்சிக்குரிய என்டிஎஸ்சி (NTSC) முறையானால் 720-க்கு 480 புள்ளிகளும் நொடிக்கு 29.97 ஃபிரேம்களும் வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி-3 போன்ற முறையில் இருக்க வேண்டும். கைப்பேசிகள் வழக்கமாகப் பதியும் ஏஏசி ஒலி ஏற்கப்படாது. இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும், ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறைக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்ற மூவகைக் கோப்புகளாகப் பிரித்து அடுக்கி வைத்தால்தான் பிளேயர் அதைப் படத்தட்டு என்று ஏற்கும். பெயரின் வாலை மாற்றுவதால் இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. டிவ்எக்ஸ் என்ற சுருக்கமுறையின் முத்திரை உள்ள பிளேயர்கள் சில ஏவிஐ கோப்புகளை நேரடியாகப் படிக்கும் என்பது உண்மை. அவற்றிலும் உள்ளிருக்கும் சுருக்கமுறைதான் கணக்கே தவிர, பெயர் அல்ல.

எனவே இதற்கென்றே உள்ள மென்பொருளை நாட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் வடிவமாற்றம், கோப்புறை அடுக்கு, தட்டில் எழுதுதல் ஆகிய மூன்றையும் செய்துவிடும். கட்டளை வரிக்குப் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் நிரலைக் கொண்டு டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2 கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். பலரும் கேட்டவுடன் பரிந்துரைக்கும் ஹேண்ட்பிரேக், டிவிடியிலிருந்து கோப்பு எடுக்க உதவுமே ஒழிய, கோப்பிலிருந்து டிவிடி செய்து தராது.

ஒரு தட்டில் எவ்வளவு நேரப் படம் கொள்ளும் என்பதிலும் குழப்பம் உண்டு. சாதாரண ஒற்றை அடுக்குத் தட்டு 4.7 ஜிபி, கணினி அதையே 4.38 என்று காட்டும்போது ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. இரண்டு மணி நேரப் படத்தை அதில் அடைத்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் தரவுக்கு இடம் கிடைக்கும், அது போதுமானது. நான்கு மணி நேரத்தைத் திணித்தால் 2.6 மெகாபிட்தான் மிஞ்சும். யாராவது வேகமாக நடந்தாலே படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

என்னைப் பெரிதும் அலைக்கழித்தது ஒலிப் பிசகு. ஒரு மணி நேர விழாப் பதிவு ஒன்றைத் தட்டில் எழுதிப் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகப்போக உதடு முந்தியது, குரல் பிந்தியது. முடிவில் மேடையில் பேசியவர் கைகூப்பி இருக்கையில் அமர்ந்த பிறகும் அவருடைய கடைசி வாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தது. பிளேயர் மீது சந்தேகப்பட்டு மேலும் இரண்டு தட்டுகளை வீணாக்கிய பிறகே காரணம் விளங்கிற்று. கைப்பேசி எல்லா நேரமும் ஒரே சீரான வேகத்தில் ஃபிரேம்களைப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு உரிய ஃபிரேம்களும் குறைந்துவிடுகின்றன. நான் பயன்படுத்திய மென்பொருளோ ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரக்குறிப்பைப் பார்க்காமல், அவற்றை வெறுமனே எண்ணி வரிசையாக அடுக்கிவிட்டது. மூலக் கோப்பை முதலில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு டிவிடி வடிவத்துக்குக் கொண்டுபோனதும் குரலும் உதடும் ஒன்றுபட்டன.

தமிழில் துணையுரை (சப்டைட்டில்) சேர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். எழுத்துக் கோப்பாகத் தனியே வைத்தால் பல பிளேயர்கள் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களையே காட்டும். டிவிடி முறையிலோ துணையுரை சிறு படங்களாகவே தட்டில் பதிகிறது. ஆகவே கணினித் திரையில் கொம்பும் காலும் சரியாக விழுந்திருந்தால் பிளேயரிலும் அப்படியே விழும்.

அந்தப் பதிலில் இருந்த இன்னொரு வரி, தட்டு தயாரானதும் இடத்தை அடைக்கும் மூலக் கோப்பை அழித்துவிடலாம் என்பது. முழு எச்டி வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். டிவிடியின் பால் ஃபிரேமில் 4.15 லட்சம். அதாவது, ஐந்தில் ஒரு பங்கே தட்டுக்கு வந்து சேர்கிறது. மீதி நான்கு பங்கைத் தட்டிலிருந்து எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வாசகர் எவரேனும் அந்த வரியை நம்பிக் கோப்பை அழிப்பதற்குள், திருத்தத்தை அதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்