ஷூ கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் ஓட்டுச் சாவடி டூட்டிக்கும் போகிறவன். ஒரு தேர்தலில், சாவடி மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் ஓடிவந்தார். மேலே கம்பெனி கோட்டு, விரல் நுனியில் காய்ந்த பசை. ஓட்டு நாளிலும் அவருக்கு லீவு இல்லை. வாக்காளர் அட்டையை என்னிடம் நீட்டினார். பட்டியலை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன், பெயர் இல்லை. "அட்டைதான் இருக்கே சார்" என்றார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் பெயர் தாய் வீட்டுப் பட்டியலிலேயே இருந்திருக்கிறது. அங்கே போய்ச் சேர நேரமில்லை. அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் தையல் பிரிவிலும் இப்படிக் கல்யாணமாகி ஊர் மாறி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கையில் அட்டை இருந்தால் போதும் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது. 2025 நவம்பரில் வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்துப் பட்டியலைத் திருத்தினார்களே, அப்போது பகலெல்லாம் உங்கள் கன்வேயர் முன்னால் இருந்தவர்கள் இனிமேலாவது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தல் ஆணையத்தின் செயலியில் அட்டை எண்ணைத் தட்டினால் பாகம் எண், வரிசை எண் வந்துவிடும். போனில் கேட்பதானால் 1950.

பெயர் வேறு ஊரில் இருந்தால் படிவம் 8. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பதினெட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், பதினேழு வயதிலேயே மனு கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளைக் கணக்கு வைத்து, வயது நிரம்பியதும் பெயரைச் சேர்ப்பார்கள். கல்யாணமான பெண்களுக்குச் சிக்கலே முகவரிச் சான்றில்தான். ஆதாரில் அப்பா வீட்டு முகவரியே இருக்கும். கணவர் இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியில் வாக்காளராக இருந்தால் அவர் பெயரில் வரும் கரண்ட் பில்லோ கேஸ் பில்லோ போதும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. பெயர் சேர்க்கக் கொடுத்த மனுவைப் பார்த்து முடிவெடுக்கவும் நாள் பிடிக்கும். ஆகவே தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் நீங்கள் பைசா செலவழிக்க வேண்டாம். பெயர் சேர்ப்பு முகாம்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் அந்தந்தச் சாவடியிலேயே நடக்கும். அந்த ஞாயிறு ஓவர்டைம் வைக்காதீர்கள். மற்ற நாளில் ஒருத்தர் அரை நாள் பர்மிஷன் கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும்.

இன்னொரு விஷயம், உங்கள் கம்பெனி அடையாள அட்டை. அதைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு, பொதுத்துறை, பப்ளிக் லிமிடெட் நிறுவனங்கள் தரும் போட்டோ அட்டைதான் செல்லும். உங்களில் பெரும்பாலோர் பிரைவேட் லிமிடெட். ரேஷன் கார்டும் உதவாது, பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தாலும் உதவாது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும். பழைய ஊர் முகவரி போட்ட வாக்காளர் அட்டையும் செல்லும், இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால். மூடும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் எத்தனை மணியானாலும் விடுவோம். கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுப்போம்.

அப்புறம் லீவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் சேர்த்து. மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். உங்கள் ஆபீஸ் ஒருநாள் டீச் செலவுக்குக்கூட அது காணாது, அதனால்தான் பயம் இல்லையோ என்னவோ. ஆள் வராவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ வரும் வேலைக்குச் சட்டம் விலக்கு தருகிறது. டிரம்மில் தோல் ஊறிக்கொண்டிருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் வேண்டும், சரி. அதைச் சொல்லித் தையல் பிரிவு மொத்தத்தையும் வரச் சொல்வது நியாயமா?

நம் வேலூர்த் தொகுதிக்கு 2019 ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தலைப் பணப் பட்டுவாடா புகாரில் ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை மறுபடி நடந்தது. வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. பெரிய கம்பெனிகள் சிலவற்றின் ஆட்களைக் கூட்டினாலே தொட்டுவிடுகிற எண்ணிக்கை.

நீங்கள் யாரையும் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். அன்றைக்கு விடிகாலையில் உங்கள் கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்து வாத்தியார் ஒருவர்