செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் இந்தச் சங்கத்தில், இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர்கள் பெயரை இங்கே படிக்கவில்லை. காசநோய் முற்றிய பிறகே, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு வந்தவர்கள் அவர்களில் உண்டு.

2004 ஏப்ரலில் தாம்பரத்தில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது, நம் மூத்தவர்கள் இராத்திரி பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார்கள். இன்று நாமக்கல் அரசு மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. 2017 முதல், நோய் எதிர்ப்பு அணுக்களின் (சிடி4) எண்ணிக்கை எதுவானாலும், தொற்று உறுதியானவுடனே சிகிச்சை. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. இவ்வளவு இருந்தும் வராமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். இந்த ஆண்டு நம் வேலை பெரும்பாலும் அந்தப் பயத்தோடுதான்.

கொல்லிமலையில் அது இன்னும் கடினம். பக்கத்தில் மருந்து கிடைத்தாலும், தெரிந்த முகம் இருக்கும் இடத்தில் வாங்கத் தயங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே வருகிறார்கள். ஒரு நாள் கூலி போகிறது. பஸ்ஸில் ‘எங்க போற?’ என்று கேட்காதவர் இல்லை. சந்தை நாளில் இறங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மலையில் இருக்கும் அக்கா ஒருவர்தான் யோசனை சொன்னார். அதன்படி பஸ் கட்டணத்தைச் சங்கம் ஏற்றது, துணைக்கு ஓர் ஆளும் போனார். பாதியில் மருந்தை விட்ட சிலர் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஆண்டில் நான் அதிகம் மகிழ்ந்தது இதற்குத்தான்.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடமாநிலம் போகும் தம்பிகள் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. கிளம்பும் முன்பே ஆலோசகரைப் பார்த்து, கூடுதல் மாதங்களுக்கு மருந்து கேட்கச் சொல்கிறோம். சிகிச்சைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால், போகும் ஊரில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்தையும் அணுகலாம். லாரி ஓட்டுநர்களுக்கும் இதே ஏற்பாடு.

ஒரு தனியார் மருத்துவமனை, தொற்று இருப்பதைக் காரணம் காட்டி நம் உறுப்பினருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்தது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணமாக்கிச் சிகிச்சையோ வேலையோ வீடோ படிப்போ மறுப்பது அதன்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. சட்ட நகலுடன் நம் தலைவரே போய்ப் பேசினார். சிகிச்சை நடந்தது. அந்த நகல் அலுவலகத்தில் இருக்கிறது, தேவைப்படுவோர் எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்றபோதே மருந்தைத் தொடர்ந்து எடுத்த நம் தங்கை ஒருவரின் குழந்தைக்கு, 18 மாதப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்பதையும் புதுத் தம்பதிகளிடம் தவறாமல் சொல்கிறோம்.

திருநங்கை உறுப்பினர்களுக்கு இன்னும் போதிய அளவு செய்யவில்லை. வீடு வாடகைக்குக் கிடைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. வரும் ஆண்டில் இதற்குத் தனிக் குழு வேண்டும்.

பெயர் சொல்ல வேண்டாம் என்று கூறி முட்டை வழங்கிவரும் கோழிப்பண்ணையாருக்கும், மைய ஆலோசகர்களுக்கும், செவிலியர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பேரவையின் முன் இரண்டு தீர்மானங்கள்: மலை உறுப்பினர்களின் பயணச் செலவைத் தொடர்ந்து ஏற்பது, நம் கூட்டங்களில் யாரும் படம் எடுக்கக் கூடாது என்பதை விதியாக்குவது. இவற்றையும் இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்