இயக்குநர் சங்கரதாஸ் சுவாமிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் அவர் எழுதிய நாடகங்களைப் பட்டியலிடுவதோடும், பாடல்களின் சந்த நயத்தைப் பாராட்டுவதோடும் நின்றுவிடுகின்றன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி ஆகியவற்றை இயற்றிய பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால், அவற்றை மேடையேற்ற நடிகர்களை அவர் எப்படிப் பழக்கினார் என்பதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. அவரை ஓர் இயக்குநராகவும் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு, இருபது வயதைக் கடந்தபின் நாடகத்துக்கு வந்தவர். எமன், சனீசுவரன் போன்ற உக்கிரமான வேடங்களில் நடித்துப் பேர் வாங்கிய அவர், பிறகு நடிப்பை விட்டு, எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் முழுமையாக இறங்கினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார்.

1918-இல் மதுரையில் அவர் பொறுப்பேற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அன்றைய பெரிய நடிகர்கள் பலர் கதையின் கட்டுக்குள் நிற்கவில்லை. தர்க்கம் என்ற பெயரில் மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்குவதும், கைதட்டலுக்காகத் தொடர்பில்லாத பாட்டுகளைப் பாடுவதும் வழக்கமாக இருந்தன. சிறுவர்களை ஒரே கூரையின்கீழ் தங்கவைத்து, பாடலையும் வசனத்தையும் மனப்பாடமாக்கி, நாடகம் முழுவதையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்ததன் மூலம் சுவாமிகள் அதற்கு விடை கண்டார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் அங்கே பயின்றவர்களே. அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். எழுதிய வேகத்தை வியக்கும் நாம், அபிமன்யு வேடத்தைச் சிறுவன் சண்முகத்தை மனத்தில் வைத்தே அவர் அமைத்தார் என்பதைக் கவனிப்பதில்லை. எந்தப் பையனின் குரல் எவ்வளவு தூரம் எட்டும், எவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று அறிந்து எழுதுவது இயக்குநரின் வேலை அல்லவா?

பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் குழுக்களில் அடியும் கண்டிப்பும் இருந்தன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஸ்திரீ பார்ட் (பெண் வேடம்) போட்ட பையன்கள் செல்வாக்கிழந்து தவித்தார்கள். அந்த வரலாற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

1922 நவம்பரில் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். ஆயினும் அவருடைய பயிற்சியின் விளைவை மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் இன்றும் காணலாம். அங்கு நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயக வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீ பார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒத்திகை என்று எதுவும் கிடையாது. இருந்தும் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் வள்ளி திருமணம் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில், நாரதர் எப்போது தர்க்கத்தை முடித்துக்கொண்டு விலக வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பெற்ற பாடம். அதன் அடித்தளம் சுவாமிகள் இட்டது என்பதே என் துணிபு.

அச்சில் வந்த நாடக நூல்களில் பாட்டும் வசனமும் இருக்கின்றன. நடையும் நிற்கும் இடமும், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே விடும் இடைவெளியும் அவற்றில் இல்லை. அவை மூத்த கலைஞர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே, பல்கலைக்கழக நாடகத் துறைகள் இந்த ராஜபார்ட், ஸ்திரீ பார்ட் கலைஞர்களையும், குறிப்பாக ஆர்மோனியக் கலைஞர்களையும் அழைத்து, ஒரு நாடகத்தைக் காட்சி காட்சியாக நிறுத்தி விளக்கச் சொல்லி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ள சுவாமிகளின் சமாதிக்கு மாலையிடுவதைவிட இது அவசரமான கடமை. தங்கள் நாளிதழும் இக்கலைஞர்களின் நேர்காணல்களை வாரம் ஒன்றாக வெளியிட்டு இப்பணியைத் தொடங்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்