இடதுகை எழுத்து

அன்புள்ள நண்பா,

மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை, ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று நீ விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். இருக்கிறேன். படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு, போன வாரம்தான் பிரித்தார்கள். பேனா பிடிக்க விரல் இன்னும் வளையவில்லை. அதனால் இது இடதுகை எழுத்து. உன் வலதுகை எழுத்தைவிட நன்றாகத்தான் இருக்கிறது, பேசாமல் படி. மகளுக்குப் பெண் குழந்தை. என் வீட்டுக்காரி துணைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. தாத்தா என்று கேலி செய்ய வேண்டுமானால் தனிக் கடிதம் போடு.

சொல்ல வந்தது வேறு. எங்கள் ஆலயத்தைப் பெருக்குகிறவரை உனக்கு நினைவிருக்கும், நீ தொலைத்த குடையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். கை முறிந்த மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். "சட்டையைப் போடுங்க" என்றார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டார். மருந்து பாட்டிலைத் திறந்து, அடுத்த வேளைக்கு நானே ஒற்றைக் கையால் திறக்கும்படி மூடியை லேசாக வைத்தார். ஐந்து நிமிஷம். போய்விட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும்.

(பட்டன் என்றதும், சின்ன வயதில் நீ காசுக்குப் பதில் பட்டன் போட்ட காணிக்கைப் பை ஞாபகம் வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டீச்சர் உன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, தெரியுமா?)

பத்தாம் நாளோ என்னவோ, ஒரு காரியம் செய்தேன். கொஞ்சம் பணத்தை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினேன். நல்ல மனதோடு செய்தேன் என்று உன்னிடம் சத்தியம் பண்ண முடியாது. அவருக்குக் கடன்பட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேலே இரண்டு பட்டன் பாக்கி இருந்தது. அதையும் போட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வரவில்லை.

அன்றைக்குத்தான், நான் பிறருக்குக் கொடுத்ததையெல்லாம் எழுதிவைக்கும், நீ கேலி செய்யும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பையனின் பள்ளிக் கட்டணம், மனைவியின் வைத்தியச் செலவு, எல்லாம் தேதியோடு இருக்கிறது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றால், நான் இரண்டு கைக்கும் சேர்த்து நோட்டே போட்டிருக்கிறேன்! தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்கக் கணக்குப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன், அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு குளிர்ச்சி வருமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

மத்தேயு பத்தாம் அதிகாரம், கடைசி வசனம். சீஷன் என்னும் நாமத்தினிமித்தம் ஒரு கலசம் தண்ணீர் கொடுக்கிறவன் பலனை இழக்கமாட்டான். சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கினோம் (நீ வாங்கவில்லை, சரி). இத்தனை வருஷமும் கலசத்தைப் பிடித்திருப்பவன் நான்தான் என்று நினைத்தே வாசித்திருக்கிறேன். நீ அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்துப் பார். இயேசு தம் சீஷர் பன்னிரண்டு பேரையும் பொன் வேண்டாம், வெள்ளி வேண்டாம், செம்புகூட வேண்டாம் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறார். தண்ணீர் கொடுப்பது யாரோ வழியில் பார்க்கிற ஒருவன். வாங்கிக் குடிக்கிறவன்தானடா சீஷன்!

அப்புறம் அதே கண்ணோடு படித்தால் எங்கே பார்த்தாலும் அதுதான். லூக்கா எட்டில் யோவன்னாள், சூசன்னாள் என்று பெயரே போட்டிருக்கிறது, அந்தப் பெண்களின் ஆஸ்தியில்தான் அவரும் பன்னிருவரும் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். சமாரியப் பெண்ணிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே தண்ணீர் கேட்டதுதான். கூச்சப்படாமல் வாங்கியிருக்கிறார். எனக்கு ஒரு பட்டனைக்கூடச் சும்மா வாங்கத் தெரியவில்லை.

இன்னொன்று. மத்தேயு 25-இல், நியாயத்தீர்ப்பு நாளில், "பசியாயிருந்தேன், சாப்பாடு கொடுத்தீர்கள்" என்று அவர் சொன்னதும், "உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம்" என்று நீதிமான்கள் திகைக்கிறார்கள். நான் அங்கே நின்றால் தேதியோடு சொல்லிவிடுவேன். ஒன்றும் கொடுக்காமல் இடப்பக்கம் நிற்கிறவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் ஒருவரிடமும் நோட்டு இல்லை. அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது, மூடிவைத்துவிட்டேன்.

அவர் மூன்றாம் நாள் வந்தார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, "சட்டையைப் போடுங்க." மனம் நொந்துதான் வரவில்லையா, வேறு வேலையா, இன்றுவரை கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டால் அவர்தான் சங்கடப்படுவார், எனக்கு வேண்டுமானால் பாரம் இறங்கும். நீ ஒரு வழி சொல். கேலி செய்து முடித்துவிட்டுச் சொன்னால் போதும்.

இன்று காலை அவர் வருமுன் நானே பட்டன் போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று, ஆனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. மேலே இருந்த இரண்டையும் கழற்றிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

உன்
கணக்குப்பிள்ளை