ஆலையின் பெயரையும் பொறியுங்கள்: ஜப்பான் கிட்டார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானில் எலக்ட்ரிக் கிட்டார் செய்வித்து உலகெங்கும் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் கிட்டார் பழுதுபார்ப்பவன். நீங்கள் விற்ற கிட்டார்கள் பல கை மாறி, பல ஊர் சுற்றி, கடைசியில் என் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகின்றன. தமிழில் எழுதுகிறேன், மொழிபெயர்த்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருப்பார்கள் என்ற நம்பிக்கை.

கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கிட்டாரிலும் உங்கள் பிராண்டின் பெயரோடு, அதைச் செய்த ஆலையின் பெயரையும் செய்த வருடத்தையும் போடுங்கள். முன்பக்கம் உங்களுடையதாகவே இருக்கட்டும். கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தில் ஒரு வரி போதும்.

இது ரசிகர்களின் ஆசைபோலத் தெரியலாம். ஜப்பான் கிட்டாரின் எதிர்காலத்தில் இதற்கு என்ன வேலை என்றும் தோன்றலாம். அதற்கு மட்சுமோக்கு என்ற ஆலையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். உங்கள் கிட்டாரை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நாகானோ மாகாணத்தில் மட்சுமோட்டோ என்ற மலைநகரம். கடற்கரை ஊர்களைவிட அங்கே காற்றில் ஈரம் குறைவு. மரம் உலர்த்தத் தோதான இடம். மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரும்கூட. 1951-ல் அங்கே தொடங்கிய மர ஆலைதான் மட்சுமோக்கு. சிங்கர் தையல் மிஷின்களுக்கான மரப்பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், 1960-களில் கிட்டாருக்கு வந்தார்கள். அரியா ப்ரோ II, வெஸ்டோன், வான்டேஜ், எலக்ட்ரா, ஜப்பானில் செய்த எபிஃபோன் என்று கடையில் ஒன்றோடொன்று போட்டி போட்ட பெயர்கள் பலவும் அந்த ஒரே கூரையின் கீழிருந்து வெளியே போனவை. மேப்பிளையும் வால்நட்டையும் பட்டை பட்டையாக ஒட்டி, தலையிலிருந்து உடலின் அடிவரை ஒரே கட்டையாக ஓடவிடும் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, அவர்களுடைய கைவரிசை. டுரான் டுரானின் ஜான் டெய்லரும் மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டனும் கையில் எடுத்த அரியா பாஸ் கிட்டார்கள் அந்த வழி வந்தவை. நாற்பது வருடம் கழித்து அத்தகைய ஒரு நெக்கின்மேல் நேர்கோலை வைத்தால், இன்றும் அநேகமாக வெளிச்சம் புகாது. பட்டைகளை எந்தத் திசையில் வைத்து ஒட்டினால் ஒன்றின் வளைவை மற்றொன்று பிடித்து நிறுத்தும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. புத்தகம் படித்து வருவதில்லை.

1985 செப்டம்பரில், நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். இரண்டு வருடத்துக்குள் 150-க்கும் கீழே. அமெரிக்காவுக்கு 300 டாலர் விலையில் அனுப்பிய பொருளுக்கு முன்பு 72,000 யென் வந்தது என்றால், இப்போது 45,000கூட வரவில்லை. தச்சருக்குச் சம்பளமோ யென்னில். கொரியாவில் கூலி குறைவாக இருந்தது. ஆர்டர்கள் அங்கே போயின. 1987-ல் மட்சுமோக்கு மூடப்பட்டது.

பிராண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெஸ்டோன் கொரியாவில் தொடர்ந்தது. எபிஃபோன் அதற்கு முன்பே போய்விட்டது. அரியா இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. கடைக்குப் போனவர் அதே எழுத்தை, அதே இடத்தில் பார்த்தார். மட்சுமோக்கு என்ற பெயர் முன்பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை என்பதால், அது காணாமல் போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

இன்று அந்தக் கிட்டார்களை வைத்திருப்பவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். வரிசை எண்ணின் முதல் இலக்கத்தை வைத்து வருடத்தை ஊகிக்கிறார்கள். நெக் தகட்டைக் கழற்றிப் பார்க்கிறார்கள். அதற்கும் முந்தைய கிட்டார்களில் எண் ஒழுங்கே கிடையாது. விற்பவர்கள் இதற்குள் புகுந்து விளையாடுகிறார்கள்: எழுபதுகளின் எந்த ஜப்பான் நகல் கிட்டாரையும் ‘வழக்குக் கிட்டார்’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் போட்ட அந்த வழக்கு, ஐபனேஸ் என்ற ஜப்பான் பிராண்டை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது, ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காகப் போட்டது. மறுவருடம் சமரசத்தில் முடிந்தது. மற்ற ஜப்பான் கிட்டார்களுக்கும் அந்த வழக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆலையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அங்கே இந்த மாதிரிக் கதைகள்தான் வந்து உட்காரும்.

நேரெதிரான கதை ஒன்றும் உண்டு. 1985-ல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை அதன் ஊழியர்களிடமே விற்றபோது, ஃபுல்லர்டன் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. பெயர் கைக்கு வந்தது, கிட்டார் செய்ய இடமில்லை. கலிபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய ஆலை எழும்பும்வரை ஃபெண்டரின் மூச்சு ஓடியது பெரும்பாலும் ஜப்பானில் செய்த கிட்டார்களால். 1982-ல் ஜப்பானின் இசைக்கருவி வணிக நிறுவனங்களான கண்டா ஷோக்காயும் யமானோவும் ஃபெண்டரோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியிருந்தார்கள். செய்துகொடுத்தது அதே மட்சுமோட்டோவின் ஃபுஜிகென் ஆலை. அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று தடுமாறியபோது தாங்கிப் பிடித்த ஆலை அது. அந்தக் கிட்டார்களின் ஹெட்ஸ்டாக்கில் ஃபுஜிகென் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

உங்கள் தொழிலின் அமைப்பே இப்படி என்பது எனக்குத் தெரியும். ஐபனேஸின் உரிமையாளரான ஹோஷினோ 1908-ல் நகோயாவில் ஒரு புத்தகக் கடையின் இசைக்கருவிப் பிரிவாகத் தொடங்கியது. ஐபனேஸ் என்பது ஸ்பெயின் கிட்டார் தச்சர் ஒருவரின் பெயர். வணிகர் விற்பார், ஆலை செய்யும். இதில் தவறு எதுவும் இல்லை. இந்தப் பிரிவினைதான் ஒரே ஊரில் அத்தனை திறமையை வளர்த்தது என்றுகூட நான் சொல்வேன். கிட்டாரின் ஒலியை மாற்றும் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: உலகம் முழுக்க அது ஐபனேஸ், செய்தவர்கள் மாக்ஸான் என்ற பெயருக்குச் சொந்தக்காரர்களான நிஷின் ஓன்பா. ஆனால் ஆலைகள் பல இருந்த காலத்துக்குப் பொருந்திய ஏற்பாடு அது. ஒன்று மூடினால் அங்கிருந்தவர்கள் பக்கத்து ஆலைக்கு நடந்தே போகலாம்.

இப்போது நிலைமை வேறு. ஜப்பானில் செய்த கிட்டாருக்கு உலகச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, யென்னின் மதிப்பும் இறங்கிக் கிடக்கிறது. 1987-ல் ஆலையைக் கொன்ற காரணங்கள் இன்று இல்லை. இன்றைய பிரச்சினை ஆள். 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 29 சதவீதம் இருக்கும் நாட்டில், லாபத்தில் ஓடும் சிறு பட்டறைகள்கூட அடுத்து எடுத்து நடத்த ஆளில்லாமல் மூடுகின்றன. கிட்டார் ஆலைக்கு இது இரட்டை அடி. நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகளை விரல் உறுத்தாமல் தேய்க்கக் கற்றுக்கொள்ள வருடங்கள் பிடிக்கும். கற்றுக்கொடுப்பவர் ஓய்வு பெறும்முன் கற்பவர் உள்ளே வந்திருக்க வேண்டும். ஓர் ஆலை மூடும்போது அதற்குப் பெயின்ட் அடித்துக்கொடுத்தவர், மரம் அறுத்துக்கொடுத்தவர், குன்மாவின் கோட்டோ போல ட்யூனரும் பிரிட்ஜும் செய்பவர்கள் எல்லாருடைய ஆர்டரும் குறைகிறது. மிச்சமிருக்கும் ஆலைகளுக்கு அதே பாகம் விலை கூடுகிறது. அடுத்து எது மூடும் என்பதை இந்தச் சங்கிலியே தீர்மானித்துவிடும்.

பெயர் பொறித்தால் இது நிற்குமா? தானாக நிற்காது. ஆனால் பதினெட்டு வயதில் வேலை தேடும் ஒரு பிள்ளைக்கு, உலக மேடையில் இருக்கும் கிட்டாரில் தன் ஊர் ஆலையின் பெயரைக் காட்ட முடிந்தால், அந்த வேலைக்கு வரும் வாய்ப்பு கூடும். பெயர் தெரிந்த ஆலை, விலை பேசும்போது உங்களுக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். (உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் இத்தனை காலம் நீங்கள் ஆலையின் பெயரை எழுதவில்லையோ என்றும் தோன்றுகிறது.) நாளை உரிமையாளர் ஓய்வு பெறும்போதும், பெயருள்ள ஆலையை வாங்க ஆள் வருவார். பெயரில்லாத ஆலை ஒரு கொட்டகையும் சில இயந்திரங்களும்தான்.

இது நடைமுறையில் நடக்காது என்று சொல்லாதீர்கள். கிஃபு மாகாணத்துக் கானி நகரில் கசுவோ யைரி செய்த அகூஸ்டிக் கிட்டார்களை அமெரிக்காவில் அல்வாரெஸ் விற்றது. இரண்டு பெயரும் சேர்ந்தே போயின: அல்வாரெஸ் யைரி. அதனால் அல்வாரெஸின் மதிப்பு குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, கூடியது. யைரி 2014-ல் காலமான பிறகும் அந்த ஆலை அவர் பெயரிலேயே கிட்டார் செய்கிறது. எலக்ட்ரிக் பக்கம் பார்த்தால், ஃபுஜிகென்னே எஃப்ஜிஎன் என்ற தன் பெயரில் விற்கிறது. ஹமாமட்சுவின் டோக்காயும் தன் பெயரைத் தன் கிட்டாரில் போட்டு வளர்ந்ததுதான். அந்தந்த ஆலை தனக்காகச் செய்துகொண்டதை, உங்கள் ஆர்டரில் போகும் கிட்டாருக்கும் செய்யச் சொல்கிறேன்.

ஒரே ஆலை போட்டி நிறுவனங்களுக்கும் செய்துகொடுக்கிறது, அதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்பீர்கள். அது யாருக்குத் தெரியாத ரகசியம்? கிரெட்ஷ் பிராண்டுக் கிட்டார் வாங்கும்போதே ‘தெராடா ஆலையில் செய்ததா?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘மேட் இன் ஜப்பான்’ என்றால் போதாதா என்பீர்கள். ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருந்தால், ஆலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வாங்குபவருக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு வசதி; ஆலைக்கு இல்லை.

இன்னொன்று. நெக்கின்மேல் விரல் வைக்கும் பலகையான உங்கள் ஃபிங்கர்போர்டுகளில் பலவற்றில் இருக்கும் இந்திய ரோஸ்வுட், எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான். தமிழ்நாட்டில் அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் அந்த மரப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைக்கும்வரை, அந்த மரம் வைத்து விற்பனைக்காக எல்லை தாண்டிய கிட்டாருக்கெல்லாம் மரத்தின் பூர்வீகம் சொல்லும் காகிதம் தேவைப்பட்டது. நீங்களும் முணுமுணுத்துக்கொண்டே எழுதினீர்கள். மரம் எங்கே வளர்ந்தது என்று எழுத முடிந்தவர்களுக்கு, அதை இழைத்தது யார் என்று எழுதுவது கஷ்டமான காரியம் இல்லை.

அடுத்து அச்சாகும் கேட்டலாகில், ஜப்பானில் செய்யும் ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே ஆலையின் பெயரைப் போட்டுத் தொடங்குங்கள். கிட்டாரில் பொறிப்பதை அதற்கடுத்த உற்பத்தியில் செய்யலாம். ஓர் ஆலையிலிருந்து ஆர்டரை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வருடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூடும் ஆலையின் உற்பத்திப் பதிவேடுகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு விளம்பரப் படத்துக்கு ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பதிலை நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டார்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் ஒருவன்