மூன்றாம் பக்கத்தில் ஒரு முனை

அன்புள்ள பாப்பா,

மின்தடையே இல்லாத மீக்கடத்திகளைப் பற்றி நீ அனுப்பிய எட்டுப் பக்கத்தையும் தேக்கா காப்பிக்கடையில் உட்கார்ந்து படித்தேன். தே ஆறி ஆடை கட்டிவிட்டது. "மின்னூட்டம் பாதுகாக்கப்படவில்லை, பிழை எங்கே என்று தெரியவில்லை" என்று அழாக்குறையாக முடித்திருக்கிறாய். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு உன் சமன்பாடுகளில் பாதி எட்டாது. ஆனால் இது தெரிந்த வியாதி.

நீ போட்டிருப்பது தனித்துகள் கணக்கு. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கூப்பர் இணைகளாகச் சேர்ந்திருக்கும். ஓர் இணையைப் பிரிக்கக் குறைந்தது இரண்டு டெல்டா (டெல்டா என்பது ஆற்றல் இடைவெளி) ஆற்றல் வேண்டும். பிரிந்தால் துகள் போலவே நடக்கும் இரண்டு கிளர்வுகள், அதாவது போலித்துகள்கள். பொகோலியூபோவ் காட்டிய அந்தத் துகள், எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) கலந்தது. அதற்கு நிலையான மின்னூட்டமே கிடையாது. அதை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படி நேராகும்? 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரின் மீக்கடத்திக் கோட்பாடு வந்ததும் அவர்களிடமும் இந்தக் குறையைத்தான் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஆண்டர்சனும், 1960-இல் நம்புவும் விட்டுப்போனதைச் சேர்த்தார்கள்: எல்லா இணைகளின் கட்டமும் (அலையில் எந்த நிலை என்பது) சேர்ந்து அசையும் கூட்டுக் கிளர்வு. நீ எலக்ட்ரானின் தன்னாற்றலில் (சுற்றியுள்ளவற்றால் அதன் ஆற்றலில் வரும் மாற்றம்) இடைவினையைச் சேர்த்திருக்கிறாய்; மூன்றாம் பக்கத்தில் மின்னோட்ட முனையை, அதாவது எலக்ட்ரான் மின்காந்தப் புலத்தோடு சேரும் இடத்தை, அப்படித் திருத்தாமல் வெறுமனே விட்டிருக்கிறாய். முதலில் அங்கே பார்.

வகுப்பில் நான் நம் சிங்கப்பூர்த் தைப்பூசத்தை உவமை சொல்வேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கூட்டம் அலை அலையாக நகரும், அதிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது யோசித்தால் உவமை பாதிதான் சரி. காவடி எடுப்பவர்களுக்கு மின்னூட்டம் இல்லையே! எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அந்தக் கட்ட அலை பிளாஸ்மா அதிர்வெண் (எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக ஊசலாடும் மிக உயர்ந்த அதிர்வெண்) வரை ஏறிப்போகிறது. சோதனையில் சுலபமாகக் கண்ணில் படாது. அதற்காகக் கணக்கிலிருந்து தூக்கிவிட முடியுமா?

கட்டம் அல்லாமல் இணைகளின் வீச்சு, அதாவது அவை சேர்ந்திருக்கும் வலு, அசையும் கிளர்வு வேறு கதை. 1980-இல் சூரியகுமாரும் கிளைனும் நையோபியம் டைசெலினைடு என்ற மீக்கடத்தியில் ராமன் ஒளிச்சிதறலில் ஒரு முகட்டைப் பார்த்தார்கள். அது வீச்சின் அசைவுதான் என்று லிட்டில்வுட்டும் வர்மாவும் மறு ஆண்டு விளக்கினார்கள். சூரியகுமார் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு குஷி, அதனால் எழுதினேன். உன் ஆய்வுக்கு இப்போது வேண்டாம்.

அம்மா ரசப்பொடி அனுப்பியிருக்கிறாள், டப்பாவை உடனே திறந்து பார். ஆய்வகத்தில் யாரிடமும் கேட்காமல் மூன்று மாதம் தனியாகவா மல்லுக்கட்டினாய்? சரி, முனையைத் திருத்திப் போட்டுவிட்டுக் கூப்பிடு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அப்பா