முகம் பார்க்காத காதல்

ஆசிரியருக்கு,

‘காதல் கோட்டை’ திரைப்படம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கைப்பேசிக் காலத்தில் அந்தக் கதைக்கு வேலை இல்லை என்று முடித்துவிட்டது. என்னால் ஏற்க முடியவில்லை.

பறிபோன சான்றிதழ்களை ஒருவன் கண்டெடுத்துத் தபாலில் அனுப்புகிறான். உரியவள் நன்றி எழுதுகிறாள். அவ்வளவுதான் தொடக்கம். அவன் ஜெய்ப்பூரில், அவள் ஊட்டியில். பார்க்காமலே நட்புக் கொண்ட பிசிராந்தையாரைப் பள்ளியில் படித்த நமக்கு இது புதிதல்ல; அதைக் காதலாக்கி, சென்னையில் அவனை ஓட்டுநராகவும் அவளைப் பயணியாகவும் ஒரே ஆட்டோவில் உட்காரவைத்தும் அடையாளம் தெரியாமல் தவிக்கவிட்டதே இயக்குநர் அகத்தியனின் சாமர்த்தியம். 1996-ஆம் ஆண்டுக்கான சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை என இரண்டு தேசிய விருதுகள் அவருக்குக் கிடைத்தன. இந்தியிலும் அவரே அதை 1999-இல் எடுத்தார்.

கதாநாயகன் பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதே காதல் என்றிருந்த திரையில், இவன் துரத்தவே இல்லை. கட்டுரையாளர் இதைத் தொடவில்லை. பிறகு வந்தவர்களோ, பார்க்காமல் காதல், பேசாமல் காதல் என்று நிபந்தனையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தின் பொறுமையை விட்டுவிட்டார்கள்.

‘நலம் நலமறிய ஆவல்’ என்பது அதுவரை அப்பாக்கள் எழுதும் வரி. அந்த வரியில் தொடங்கும் இப்படத்தின் பாட்டு வந்தபின் அதைக் கல்லூரி மாணவர்களும் எழுதினார்கள். நானும் எழுதினேன். பதில் வந்ததா என்பது இந்தப் பகுதிக்கு உரிய செய்தி அல்ல.

இப்படிக்கு,
பழைய வாசகர்